மதியத்துக்கு மேல் மங்கிய மலை

சாப்பிட்டு முடித்ததும் என் கண்ணுக்குப் பச்சை நிறம் தெரியாமல் போய்விடுகிறது என்று முழுசாகப் பதினோரு நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். பின்னால் இன்னும் இருக்கிறது.

போன வாரம் நான் ஸ்கூட்டரோடு முன்பின் தெரியாதவர் வீட்டுக் கல்யாண ஊர்வலத்துக்குள் புகுந்து, மாப்பிள்ளைக்கு முன்னால் மண்டபம் போய்ச் சேர்ந்த கதையைப் படித்துவிட்டு, "இதைவிடக் கேவலமாக ஏதாவது செய்ததுண்டா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். உண்டு அம்மா. அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

பொங்கல் லீவு. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு மாடி. கையில் ஒரு தாள். தாளில் மேற்கு மலை, காலையில் நானே வரைந்தது. வரைந்து முடித்தபோது மலை கரும்பச்சையாக, நேற்று மழை பெய்த மாதிரி இருந்தது. கீழே போய் மொச்சைக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டு, செத்த நேரம் கண்ணயர்ந்து, மறுபடி மாடி ஏறி வந்து பார்க்கிறேன். மலை வெளிறிக் கிடக்கிறது. பத்து வருடம் துவைத்த லுங்கி மாதிரி.

தாளைக் கைநீட்டி தூரத்தில் பிடித்தேன். கிட்டே கொண்டுவந்தேன். ஒரு கண்ணை மூடினேன். மறு கண்ணை மூடினேன். சரி, நிஜ மலையையே பார்த்துவிடுவோம் என்று மேற்கே நிமிர்ந்தேன். அதுவும் வெளிறியிருந்தது.

தை மாதத்து நடுப்பகலில் அந்த மலை எப்போதுமே புழுதியும் வெயிலுமாக அப்படித்தான் இருக்கும். ஐம்பத்திரண்டு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன் நான். அன்றைக்கு மட்டும் அது எனக்கு ஞாபகம் வரவில்லை.

சீட்டில் விழுந்த பெட்டி

வர்ணப் பெட்டி என் கைக்கு வந்த கதையைச் சொல்லாவிட்டால் இது புரியாது.

எங்கள் ஊர்ப் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போகிற பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். நெய்த துணியை வெளுத்து, காயவைத்து, சுருட்டி அனுப்புவார்கள். அப்படி ஒரு கம்பெனியில் நான் செக்கிங் வேலை பார்க்கிறேன். துணியை மேசை மேல் ஓடவிட்டு, நூல் அறுந்திருக்கிறதா, கறை இருக்கிறதா, முக்கியமாக வெள்ளை வெள்ளையாக இருக்கிறதா என்று பார்ப்பது. இருபத்தாறு வருடமாக வெள்ளையைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறேன். என் வீட்டில் அடுப்பு எரிவது இந்த இரண்டு கண்ணால்தான்.

செக்கிங்கில் என்னோடு எஸ்தர் இருக்கிறாள். என்னைவிடப் பத்து வயது இளையவள், என்னைவிடப் பத்து மடங்கு வாயாடி. கிறிஸ்துமஸ் வந்தால் எல்லோர் பேரையும் சீட்டில் எழுதிக் குலுக்கி, யார் பேர் வருகிறதோ அவர்களுக்கு ரகசியமாகப் பரிசு கொடுக்கிற பழக்கத்தை அவள்தான் ஆரம்பித்து வைத்தாள். எனக்கு மூன்று வருடமாகச் சுவர்க் கடிகாரம் வந்துகொண்டிருந்தது. வீட்டில் மூன்றும் மூன்று நேரம் காட்டும்.

இந்தத் தடவை பிரித்தால், பன்னிரண்டு சின்ன டியூப் வாட்டர் கலர், இரண்டு பிரஷ், ஒரு தாள் கட்டு.

"யாருலே இது? என்னைய எல்.கே.ஜி.யில சேர்க்கப் பார்க்கது?" என்றேன்.

"நாந்தான் அண்ணே" என்றாள் எஸ்தர். "வாய்க்கே எம்புட்டு வேலைதான் குடுப்பீங்க? கைக்கும் கொஞ்சம் குடுங்க. அந்த நேரமாவது ஜெயா மதினி நிம்மதியா இருக்கட்டும்."

ஜெயா என் மனைவி. எஸ்தருக்கு அவள்தான் பக்க பலம்.

இட்லித் தட்டில் ஒரு வானம்

பெட்டிக்குள் எப்படி வரைவது என்று ஒரு துண்டுத் தாளில் படம் போட்டிருந்தது. நான் எதற்கும் குறிப்பு படிக்கிற ஆள் இல்லை. பிரஷர் குக்கரையே படிக்காமல் திறந்து, கூரையில் பருப்பு ஒட்டவைத்தவன்.

வர்ணம் குழைக்கத் தட்டு வேண்டுமே. பரணில் கிடந்த பழைய இட்லித் தட்டை எடுத்தேன். நாலு குழிக்கு நாலு நிறம். அந்தக் காரியத்துக்கென்றே செய்த மாதிரி இருந்தது. ஜெயா வந்து பார்த்தாள்.

"இதுல என்ன, பச்சைக் கலர்ல இட்லி ஊத்தப் போறீகளா?"

"கலை ஜெயா, கலை."

"கலையோ மலையோ, முடிஞ்சதும் தட்டக் கழுவி வச்சிருங்க."

முதல் நாள் தண்ணீர் அதிகமாகிவிட்டது. வானம் என்று பூசிய நீலம், மலை என்று பூசிய பச்சைக்குள் இறங்கி, மலை வயிற்றுப்போக்கு வந்த மாதிரி கீழே ஒழுகியது. தாள் அப்பளம் போல முறுக்கிக்கொண்டது. இரண்டாம் நாள் தண்ணீர் குறைவாகிவிட்டது. பிரஷ் தாளில் விளக்குமாறு மாதிரி கிறீச்சிட்டது. பக்கத்தில் காப்பி டம்ளர், அதன் பக்கத்தில் பிரஷ் அலசுகிற டம்ளர். எது எதில் போனது என்று சொல்ல மாட்டேன். காப்பி கொஞ்சம் மண் வாசனையாக இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

மேகத்துக்கு வெள்ளை டியூபைப் பிதுக்கிப் பூசினேன். ஈர நீலத்தில் அது விழுந்து பிசைந்த மாவு மாதிரி ஆனது. படத்தை போனில் எஸ்தருக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"அண்ணே, வெள்ளையப் பூசாதீங்க. தாளே வெள்ளைதான். மேகம் வேணும்ங்கிற எடத்துல ஒண்ணும் செய்யாம விட்டு வைங்க."

"ஒண்ணும் செய்யாம இருக்கணுமா?"

"ஆமா. கஷ்டந்தான் உங்களுக்கு."

இருபத்தாறு வருடம் வெள்ளையைப் பார்த்தவனுக்கு, வெள்ளையை விட்டுவைக்கத் தெரியவில்லை. மூன்றாம் நாள் விட்டு வைத்தேன். மேகம் தானாக வந்து நின்றது. அந்த உற்சாகத்தில் பச்சையைக் குழைத்து மலையைப் போட்டேன். என்ன பச்சை! ஈரத்தோடு பளபளவென்று, கிட்டே போனால் குளிரடிக்கும் போல. எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

அந்த மலைதான் மதியம் லுங்கியாகிப் போனது.

முதலில் எஸ்தரைச் சந்தேகப்பட்டேன். மட்டமான சரக்கை வாங்கித் தலையில் கட்டிவிட்டாளோ? அப்புறம் வெயிலைச் சந்தேகப்பட்டேன். மறுநாள் காலை இன்னொரு மலை வரைந்து, பீரோவுக்குள் சேலை அடுக்கின் மேல் வைத்துப் பூட்டினேன். சாப்பிட்டுவிட்டு வந்து திறந்தேன். அதுவும் வெளிறியிருந்தது. பீரோவுக்குள் ஏது வெயில்?

மீதி இருந்தது நான் ஒருத்தன்தான். காலையில் நன்றாகத் தெரிகிறது, சாப்பிட்ட பிறகு தெரியவில்லை. ஆக, கோளாறு சோற்றில், அல்லது கண்ணில். ஒருநாள் மொச்சையை நிறுத்தினேன். ஒருநாள் மோரை நிறுத்தினேன். மலை வெளிறிக்கொண்டேதான் இருந்தது.

மதியத்துக்கு மேல் ஒரே ஒரு தடவை பிரஷைத் தொட்டிருந்தால் குட்டு உடைந்திருக்கும். ஆனால் சாப்பிட்டதும் படுக்கிற பழக்கத்தைக் கலைக்காகக்கூட என்னால் விட முடியவில்லை.

வெளிச்சம் போதலை

இதுவரைக்கும் இது விளையாட்டுத்தான். லீவு முடிந்து வேலைக்குப் போன பிறகுதான் பயம் வந்தது.

மேசையில் துணி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ரோலைப் பார்த்து, சரி என்று தள்ளிவிட்டேன். எஸ்தர் அதை இழுத்து, மடித்து, வாசல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"அண்ணே, இதுல லேசா மஞ்சளடிக்கு."

"எங்க?"

"இந்தா, ஓரம் பூரா. உங்களுக்குத் தெரியலையா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பதிலுக்கு வேறு ஒன்று வந்தது.

"இங்க வெளிச்சம் போதலை" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே அது உறைத்தது. அந்த வார்த்தை என்னுடையது இல்லை. எங்கள் அப்பாவுடையது.

அப்பாவின் பல்புகள்

அப்பா நூல் மில்லில் வேலை பார்த்தவர். அறுந்த நூலை முடிச்சே தெரியாமல் சேர்க்கிற கை அவருக்கு. ஒரு சமயம், சாயங்காலமானால் வீட்டில் "வெளிச்சம் போதலை, வெளிச்சம் போதலை" என்று சொல்ல ஆரம்பித்தார். நாற்பது வாட் பல்பைக் கழற்றிவிட்டு அறுபது போட்டார். கொஞ்ச நாள் கழித்து நூறு போட்டார். எங்கள் வீடு தெருவிலேயே பிரகாசமான வீடாகிப் போனது. நாங்களெல்லாம் பெருமையாக அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து படித்தோம்.

அப்புறமும் அவர் வெளிச்சம் போதலை என்றார். மின்சாரம் குறைவாக வருகிறது என்று லைன்மேனைத் திட்டினார். நாங்களும் சேர்ந்து திட்டினோம்.

ஒருநாள் காலையில் அவர் சொம்பிலிருந்து வெந்நீரை ஊற்றினார். டம்ளருக்குப் பக்கத்தில், தரையில் ஊற்றினார். சொம்பு காலியாகிறவரை ஊற்றிவிட்டு, டம்ளரை எடுத்து வாயில் வைத்தார். அதில் ஒன்றும் இல்லை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. எங்களுக்கும் அப்போதுதான் தெரிந்தது.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுவிட்டது என்றார்கள் மதுரை டாக்டர்கள். முன்னமே வந்திருந்தால் இருந்த பார்வையையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றார்கள். அப்பாவுக்கு ரொம்ப முன்னாலேயே தெரிந்திருக்கிறது. வேலை போய்விடும் என்று பல்பை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்.

அப்போது அவருக்கு வயது ஐம்பத்துமூன்று.

எனக்கு வருகிற ஆனியில் ஐம்பத்துமூன்று.

கண்ணை மூடி ஒரு ஒத்திகை

பயந்தவன் என்ன செய்ய வேண்டும்? நேராக டாக்டரிடம் போக வேண்டும். நான் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தேன்.

பஸ் போர்டுகளைத் தூரத்திலிருந்து படித்துப் பார்த்தேன். சேத்தூர் சரியாகத் தெரிந்தது. சோழபுரமும் தெரிந்தது. ஆனால் அந்த பஸ்களை எனக்கு டிரைவர் மீசையோடு தெரியும், போர்டே இல்லாவிட்டாலும் படித்துவிடுவேன் என்பதால் அந்தப் பரீட்சை செல்லாது என்று நானே தள்ளுபடி செய்தேன்.

ஜெயாவிடம் பட்டும் படாமலும் கேட்டேன். "இந்தச் சேலை என்ன கலர்?"

"ஏன், கண்ணு அவிஞ்சா போச்சு?" என்றாள். வழக்கமாகக் கேட்கிறதுதான். அன்றைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயம் என்றேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

பார்வை போய்விட்டால் வீட்டுக்குள் நடமாடத் தெரிய வேண்டுமே என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கட்டிலிலிருந்து குளியலறைக்கு நடந்து பழகினேன். பதினொரு எட்டு. எட்டாவது எட்டில் துணி ஸ்டாண்டோடு மோதி, இரண்டு பாவாடையும் ஒரு துண்டும் தலையில் விழுந்தன.

"என்ன செய்யுதீக?" ஜெயாவின் குரல்.

"தியானம்."

"நடந்துக்கிட்டா?"

"இது புது மாதிரி."

பாவாடையைத் தலையிலிருந்து எடுத்துவிட்டாள். ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் எதையோ மனசுக்குள் குறித்துக்கொள்கிறாள் என்று அர்த்தம்.

யாருக்கும் தெரியாத ஊர்

ராஜபாளையத்தில் கண் டாக்டரிடம் போனால் நான் வீடு திரும்புவதற்குள் சேதி கம்பெனிக்குப் போய்விடும். செக்கிங்காரனுக்குக் கண் கோளாறு என்றால் அப்புறம் எந்த மேசையில் உட்காரவிடுவார்கள்? அதனால் ஸ்ரீவில்லிபுத்தூர் போவது என்று முடிவெடுத்தேன். பஸ்ஸில் அரை மணி நேரம். அங்கே என்னை யாருக்கும் தெரியாது.

"பால்கோவா வாங்கிட்டு வாரேன்" என்றேன் ஜெயாவிடம்.

"திடீர்னு என்ன பால்கோவா?"

"ஆசையா இருக்கு."

வாரம் ஒருநாள் வருகிற லீவில் பால்கோவாவுக்காக பஸ் ஏறுகிற ஆள் நான் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் விட்டுவிட்டாள். பைக்குள் ஆதாரத்துக்காக வெளிறிப்போன இரண்டு மலைகளையும் சுருட்டி வைத்துக்கொண்டேன்.

கோபுரத்துக்குப் பக்கத்துத் தெருவில் அந்தக் கண் ஆஸ்பத்திரி. உள்ளே நுழைந்து, பேரைக் கொடுத்து, பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு வயசான அம்மா. அந்த அம்மாவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தலை நீண்டது.

"அண்ணே! நீங்க எங்க இங்க?"

எங்கள் கம்பெனி எலக்ட்ரீசியன் பரமசிவம். மாமியாருக்குக் கண் புரை ஆபரேஷன் செய்து, கட்டுப் பிரிக்கக் கூட்டி வந்திருக்கிறான்.

"பால்கோவா வாங்க வந்தேன்" என்றேன்.

"இங்கயா?"

மாமியார் கறுப்புக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி என்னைப் பார்த்தார்கள். பரமசிவம் அதற்கு மேல் கேட்கவில்லை. வேறு பேச்சுக்குப் போனான்.

"நல்லவேளை பார்த்தேன் அண்ணே. உங்க செக்கிங் மேசைக்கு மேல இருந்த ட்யூப்லைட்ட நேத்து மாத்திட்டேன். ரெண்டு முனையும் கறுத்துப் போயி கெடந்துச்சு. அந்த வெளிச்சத்துல நீங்க எப்படித்தான் பார்த்தீகளோ. எஸ்தர் அக்கா ஒரு வாரமா சொல்லிட்டே இருந்துச்சு, எனக்குத்தான் ஏற நேரமில்ல."

"எம்புட்டு நாளா கறுத்திருந்துச்சு?"

"பொங்கலுக்கு முன்னயே."

எனக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது, நாலு சாத்து சாத்தலாம் போலவும் இருந்தது. வாசல் வெளிச்சத்தில் எஸ்தருக்கு மஞ்சள் தெரிந்ததும், மேசையில் எனக்குத் தெரியாமல் போனதும் இதனால்தான். நான் சொன்னது உண்மை. வெளிச்சம் நிஜமாகவே போதவில்லை.

எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. ஆனால் பைக்குள் இரண்டு மலை இருந்தது. ட்யூப்லைட் போனால் என் பீரோவுக்குள் மலை எதற்கு வெளிறுகிறது?

என் பேரைக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் பார்த்த மலை

டாக்டரம்மா சின்ன வயசு. கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். ஒரு மிஷினில் தாடையை வைக்கச் சொன்னார்கள். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். அழுத்தம் பார்க்கிற நேரத்தில் நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

"மூச்சு விடுங்க சார். கண்ணுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."

எல்லாம் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. எழுதிக்கொண்டே சொன்னார்கள். "அழுத்தம் சரியா இருக்கு. நரம்பு நல்லா இருக்கு. கலர் எல்லாம் சரியா சொல்றீங்க. பக்கத்துல படிக்கக் கண்ணாடி எழுதியிருக்கேன், அது வயசுக்கு எல்லாருக்கும் வர்றதுதான். அப்பாவுக்கு இருந்ததால வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்துக்கங்க. இப்ப ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்ல."

நான் பையிலிருந்து தாள்களை எடுத்து விரித்தேன். "அப்ப இது ஏன் மதியத்துக்கு மேல வெளிறுது?"

டாக்டரம்மா மலைகளைப் பார்த்தார்கள். அப்புறம் என்னைப் பார்த்தார்கள். "இது என்ன, திமிங்கலமா?"

"மலை."

"ஓ. இத எங்கிட்ட கேட்டா எனக்கு என்ன சார் தெரியும்? கண்ணு நல்லா இருக்கு. வெளிய போனா மூணு நாலு மணி நேரம் மங்கலாத்தான் தெரியும், மருந்து விட்டிருக்கோம். பயந்துறாதீங்க. யாராவது கூட வந்திருக்காங்களா?"

"இருக்காங்க" என்று பொய் சொன்னேன்.

வெளியே வந்தேன். தெரு முழுக்க வெள்ளை வெயில். கோபுரம் இருக்க வேண்டிய இடத்தில் புகை மாதிரி ஒன்று நின்றது. மனுஷர்கள் எல்லாம் என்னுடைய முதல் நாள் படம் மாதிரி ஓரம் கரைந்து நடந்தார்கள். எனக்கோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்பாவுக்கு வந்தது எனக்கு வரவில்லை. ஒரு டீக்கடை ஓரம் நின்று கண்ணைத் துடைத்தேன். மருந்துதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கண் நல்லா இருக்கிறது என்று எழுதி வாங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு பஸ் வந்து நின்றது. போர்டு தெரியவில்லை. யாரிடமாவது கேட்டிருக்கலாம். ஆனால் கண் நல்லா இருக்கிற மனுஷன் எதற்குக் கேட்க வேண்டும்? ஏறி உட்கார்ந்தேன்.

கண்டக்டர் வந்தார். "ராஜபாளையம் ஒண்ணு" என்றேன் கம்பீரமாக.

"அண்ணாச்சி, இது கான்சாபுரம் போற வண்டி."

"போர்டு போடலையே?"

"ஆனை மாதிரி எழுதிப் போட்டிருக்கு. கண்ணு தெரியாதா?"

"நல்லாத் தெரியும்" என்றேன். சட்டைப்பையிலிருந்து டாக்டர் சீட்டை எடுத்து அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். "இந்தா, எழுதியே குடுத்திருக்காக."

பஸ்ஸே சிரித்தது. அவரே விசில் கொடுத்து நிறுத்தி, கையைப் பிடித்து இறக்கி, எதிர்ப்பக்கம் நின்றிருந்த ஒருவரிடம் "இவியள ராஜபாளையம் வண்டியில ஏத்தி விட்டுருங்க" என்று ஒப்படைத்துவிட்டுப் போனார். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் அவமானப்பட்டது இல்லை.

பால்கோவா எங்க?

வீட்டுக்கு வந்தேன். ஜெயா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். ஈரக் கையோடு நிமிர்ந்தாள்.

"பால்கோவா எங்க?"

நான் பையைப் பார்த்தேன், உள்ளே இரண்டு மலைதான் இருந்தது. சுத்தமாக மறந்திருந்தேன்.

"கிட்ட வாங்க" என்றாள். முகத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். "கண்ணு மணி ஏன் இம்புட்டுப் பெருசா இருக்கு? எங்க போயிட்டு வாரீக? நெசத்தச் சொல்லுங்க."

சொன்னேன். மொச்சையிலிருந்து ஆரம்பித்து, அப்பாவின் பல்பு, எஸ்தரின் மஞ்சள், கான்சாபுரம் பஸ் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. டாக்டர் சீட்டை வாங்கி இரண்டு தடவை படித்தாள். அப்புறம்தான் குரல் உயர்ந்தது.

"பதினோரு நாளா மனசுக்குள்ள வச்சுக்கிட்டுத் திரிஞ்சீகளா? மாமாவும் இப்படித்தான யார்ட்டயும் சொல்லாம பல்ப மாத்திட்டே இருந்தாக? நீங்களும் அதே கூத்த அடிக்கீகளா? எங்கூட ஒரு வார்த்த சொன்னா வாய் வெந்தா போயிரும்?"

நான் பைக் காதைத் திருகிக்கொண்டு நின்றேன். செத்த நேரத்தில் அவளே அடங்கினாள்.

"நெசமா ஒண்ணும் இல்லைனு சொன்னாகளா?"

"ஒண்ணுமே இல்லையாம்."

ஒரு பெருமூச்சு விட்டு, மீதிப் பாத்திரத்தை அலச ஆரம்பித்தாள். அந்த மூச்சு அவளுக்குள் எத்தனை நாளாக இருந்ததோ தெரியவில்லை. பாவாடை தலையில் விழுந்த நாளிலிருந்தே இருந்திருக்க வேண்டும்.

"எந்தப் படம் அது? இம்புட்டுக் கூத்துக்கும் காரணமானது? குடுங்க பார்ப்போம்."

நான் பையிலிருந்து எடுத்ததும் கையிலிருந்து பிடுங்கினாள். ஈரக் கை. புறங்கையிலிருந்து நாலைந்து சொட்டுத் தண்ணீர் மலை மேல் விழுந்தது.

"ஏட்டி, படம் போச்சு!" என்று கத்தினேன். கத்தினவன் அப்படியே நின்றுவிட்டேன்.

மங்கலாகத் தெரிந்த என் கண்ணுக்கே அது தெரிந்தது. தண்ணீர் விழுந்த இடத்தில் மட்டும் வெளிறிய மலை கரும்பச்சையாகியிருந்தது. நான் காலையில் பார்த்த அதே பச்சை. பளபளவென்று, கிட்டே போனால் குளிரடிக்கும் போல. சுற்றிலும் லுங்கி, நடுவில் நாலு சொட்டு மலை.

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஓரத்திலிருந்து சொட்டு காய ஆரம்பித்தது. காயக் காய, பச்சை எங்கள் கண் முன்னாலேயே வெளிறியது.

ஜெயாதான் முதலில் பேசினாள்.

"ஏங்க, கம்பெனியில வெளுத்த துணிய ஈரத்தோட பார்த்து யாராவது கலர் சொன்னா நீங்க என்ன செய்வீக?"

நான் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தேன்.

"வீட்டுக்கு வந்து தெனமும் புலம்புவீகளே. 'ஈரத்துல ஒரு கலர், காஞ்சா ஒரு கலர். காஞ்ச பொறவு பாரு, காஞ்ச பொறவு பாருன்னு தொண்டை கிழியக் கத்துதேன், ஒரு பயலுக்கும் மண்டையில ஏறல'ன்னு. யாரு மண்டையில ஏறலையாம்?"

இருபத்தாறு வருடம். அந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லாத நாளில்லை. வெளுப்புத் தொட்டிப் பக்கம் சுவரில் அதைக் கரியால் எழுதி வைத்ததே நான்தான்.

சிரிக்க ஆரம்பித்தோம். அவள் சுவரில் சாய்ந்து சிரித்தாள். நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். மருந்து விட்ட கண்ணில் அவள் முகம் ஓரம் கரைந்து தெரிந்தது. அதைப்போல அழகாக ஒரு படத்தை நான் இன்னும் வரையவில்லை.

மறுநாள் எஸ்தரிடம் சொன்னேன். முழுசாகச் சிரித்து முடித்துவிட்டு, "அந்தப் பெட்டியிலயே எழுதியிருக்கும் அண்ணே, காஞ்சா வெளிறும், கொஞ்சம் தூக்கலாப் போடணும்னு" என்றாள். வீட்டுக்கு வந்து அந்தத் துண்டுத் தாளைத் தேடி எடுத்தேன். வருகிற வழியில் வாங்கிய புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். எழுதியிருந்தது.

அந்த மலை இப்போது எங்கள் வீட்டில், மூன்று கடிகாரத்துக்கும் கீழே மாட்டியிருக்கிறது. சொட்டு விழுந்த இடங்களில் வெளிறிய வட்டமும் அதைச் சுற்றிக் கருத்த விளிம்புமாக நின்றுவிட்டது. வருகிறவர்கள் மலை மேல் மேகம் இறங்கியிருக்கிறது என்று பாராட்டுகிறார்கள். ஜெயாதான் போட்டாள் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

நடந்தது இவ்வளவுதான். ட்யூப்லைட் கறுத்திருந்தது. வர்ணம் காய்ந்திருந்தது. என் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.